வேடந்தாங்கலுக்கு முதல்முறை போகிறவர்களுக்கு: ஒரு மரத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள்

நான் முதன்முதலில் வேடந்தாங்கல் போனது ஒரு மே மாதம். அக்கா குடும்பம் லீவுக்கு வந்திருந்தது, எங்கேயாவது போகலாம் என்று கிளம்பிவிட்டோம். ஏரி முழுக்க வெடித்த மண். நடுவில் மொட்டையாக நின்ற மரங்களில் பழைய கூடுகளின் குச்சிகள் மட்டும் தொங்கிக்கொண்டிருந்தன. இரண்டாவது முறை ஜனவரியில், ஒரு ஞாயிற்றுக்கிழமை. ஏரி நிறையத் தண்ணீர், மரம் நிறையப் பறவைகள். கரையில் இந்த முனையிலிருந்து அந்த முனை வரை நடந்தேன், இருபது நிமிடத்தில் முடிந்துவிட்டது. "நிறைய பறவை" என்பதைத் தவிர வேறு எதுவும் மனதில் நிற்கவில்லை.

திரும்பி வரும்போது கரையோர பெஞ்சில் உட்கார்ந்திருந்த வயதான காவலர் கேட்டார்: "என்னம்மா, அதுக்குள்ள கிளம்பிட்டீங்க? எல்லாத்தையும் பாக்காதீங்க. ஒரு மரத்தப் புடிச்சுக்குங்க. அரை மணி நேரம் அத மட்டும் பாருங்க."

பார்த்தேன். அன்றிலிருந்து ஒவ்வொரு சீசனும் போய்க்கொண்டிருக்கிறேன். புதிதாகப் போகிறவர்கள் என்னிடம் கேட்கும்போது நான் சொல்வதெல்லாம் அந்த ஒரு பேச்சைச் சுற்றித்தான் இருக்கும்.

முதலில் தண்ணீர், பிறகு தேதி

வேடந்தாங்கல் அடிப்படையில் ஒரு பாசன ஏரி. சுமார் 30 ஹெக்டேர்தான், பெரிய ஏரி கிடையாது. வடகிழக்குப் பருவமழையில் நிரம்பும், மதகு வழியாக வயலுக்குத் தண்ணீர் போகும், கோடையில் வற்றும். பறவைகளின் கணக்கும் இதை ஒட்டியே ஓடுகிறது. அக்டோபர், நவம்பரில் நல்ல மழை பெய்து, கடப்ப மரங்களின் அடிப்பகுதி தண்ணீரில் முழுகி நின்றால்தான் அவை கூடு கட்டும். காரணம் எளிது: மரத்தைச் சுற்றித் தண்ணீர் இருந்தால் பூனையும் நாயும் கீரியும் ஏறி வர முடியாது. சுற்றுவட்ட ஏரிகளிலும் வயல்களிலும் மீன், நத்தை, தவளை எல்லாம் பெருகியிருக்கும், குஞ்சுக்கு இரை தட்டாது.

ஆகவே காலண்டரைப் பார்ப்பதற்கு முன் மழையைப் பாருங்கள். அந்த ஆண்டு செங்கல்பட்டு, மதுராந்தகம் பக்கம் மழை ஏமாற்றியிருந்தால் சரணாலயமும் ஏமாற்றும். மழை நன்றாக இருந்தால் நவம்பரிலேயே வரத்து தொடங்கிவிடும். டிசம்பர் கடைசியிலிருந்து பிப்ரவரி வரை உச்சம். என்னைக் கேட்டால் புதியவர்களுக்கு ஜனவரி பிற்பாதியும் பிப்ரவரியும்தான் சிறந்தது, அப்போது கூடுகளில் குஞ்சுகள் இருக்கும். குஞ்சுகள் இருந்தால் தாய்ப்பறவையும் தகப்பன்பறவையும் மாறி மாறி இரை கொண்டுவரும், நீங்கள் உட்கார்ந்த இடத்திலிருந்தே எல்லாம் நடக்கும். மார்ச் கடைசியில் கூட்டம் குறையும், ஏப்ரல், மே மாதங்களில் கிளம்பிவிடும்.

நாள் என்று பார்த்தால் வாரநாள். பொங்கலை ஒட்டி, அதிலும் காணும் பொங்கலன்று, தவிர்த்துவிடுங்கள். அன்றைக்குக் கரையில் நடக்கவே இடம் இருக்காது.

போவது எப்படி

சென்னையிலிருந்து 80 கிலோமீட்டருக்குள்தான். ஜி.எஸ்.டி. சாலையில் (சென்னை–திருச்சி நெடுஞ்சாலை) செங்கல்பட்டு தாண்டி, பாலாற்றுப் பாலம் தாண்டி, படாளம் கூட்டுரோட்டில் வலப்பக்கம் திரும்பினால் உள்ளே பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர். இந்தக் கடைசித் தூரத்தை வேகமாக ஓட்டிக் கடந்துவிடாதீர்கள். இருபக்கமும் வயல், சின்னச் சின்ன ஏரிகள். சரணாலயத்தில் கூடு கட்டியிருக்கும் பறவைகள் சாப்பிட வருவது இங்கேதான். நத்தைகுத்தி நாரையை மிகக் கிட்டத்தில் நான் பார்த்தது சரணாலயத்துக்குள் இல்லை, இந்தச் சாலையோரம் நாற்று நட்ட வயலில்தான்.

பேருந்தில் போகிறவர்கள் செங்கல்பட்டு அல்லது மதுராந்தகம் வந்து மாறிக்கொள்ளலாம். பேருந்துகள் அடிக்கடி கிடையாது என்பதால், இறங்கும்போதே திரும்பிப் போகும் வண்டி எத்தனை மணிக்கு என்று நடத்துநரிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

காலை 6 மணிக்குப் போய்ச் சேருங்கள், இல்லாவிட்டால் பிற்பகல் 3 மணிக்குப் போய்ச் சாயங்காலம் மூடும் வரை இருங்கள். ஒருமுறைதான் போக முடியும் என்றால் நான் சாயங்காலத்தைச் சொல்வேன். ஏன் என்று கடைசியில் சொல்கிறேன்.

பைக்குள் என்ன

தண்ணீர், தொப்பி, ஒரு சிறு நோட்டு, பேனா. நுழைவுக் கட்டணத்துக்கும் கேமராக் கட்டணத்துக்கும் சில்லறை. பச்சை, காக்கி, மண் நிறம் மாதிரி மங்கலான உடுப்பு. தின்பண்டத்தை வண்டியிலேயே வைத்துவிடுங்கள். கரையில் குரங்குத் தொல்லை ஒருபக்கம், பிளாஸ்டிக் உறை காற்றில் பறந்து ஏரியில் விழுவது இன்னொரு பக்கம்.

பைனாகுலர் இல்லாமல் போகாதீர்கள். கேமரா இல்லாவிட்டால் பரவாயில்லை. பறவைகள் இருக்கும் மரங்கள் கரையிலிருந்து தள்ளித்தான் இருக்கின்றன, செல்போனில் எடுத்தால் வெள்ளைப் புள்ளிகளாகத்தான் விழும். கடன் வாங்கியாவது ஒரு பைனாகுலர் கொண்டுபோங்கள். அதன்மேல் 8x42 என்று எழுதியிருந்தால் 8 மடங்கு பெரிதாகக் காட்டும், முன்கண்ணாடியின் விட்டம் 42 மில்லிமீட்டர் என்று பொருள். புதியவர்களுக்கு இந்த அளவே போதும். 12 மடங்கு, 20 மடங்கு என்று ஆசைப்பட்டால் கை நடுக்கமும் அத்தனை மடங்கு பெரிதாகித் தெரியும்.

வீட்டிலேயே அதைச் சரிசெய்து பழகிவிடுங்கள், கரையில் போய்த் திருகிக்கொண்டிருக்க வேண்டாம். முதலில் இரு குழல்களையும் விரித்தோ நெருக்கியோ, இரண்டு வட்டமும் சேர்ந்து ஒரே வட்டமாகத் தெரியும்படி வையுங்கள். தூரத்தில் ஒரு பெயர்ப்பலகையைப் பாருங்கள். வலது கண்ணை மூடிக்கொண்டு, நடுவில் இருக்கும் சக்கரத்தைத் திருகி எழுத்தைத் தெளிவாக்குங்கள். அப்புறம் இடது கண்ணை மூடி, வலப்பக்கக் குழலில் இருக்கும் வளையத்தை மட்டும் திருகி அதே எழுத்தைத் தெளிவாக்குங்கள். உங்கள் இரண்டு கண்ணுக்கும் உள்ள வித்தியாசம் சரியாகிவிட்டது, இனி நடுச்சக்கரம் ஒன்றே போதும். கண்ணாடி போடுகிறவர்கள் கண் வைக்கும் ரப்பர் வளையத்தைக் கீழே இறக்கிவிட்டு, கண்ணாடியோடே பார்க்கலாம்.

பறவையைப் பார்க்கும்போது எல்லோரும் செய்யும் தவறு, தலையைக் குனிந்து பைனாகுலரைத் தேடி எடுப்பது. அதற்குள் பறவை இருந்த இடம் தவறிவிடும். கண்ணைப் பறவையின் மேலேயே வைத்துக்கொண்டு, பைனாகுலரைக் கண்ணுக்குக் கொண்டுவாருங்கள். பத்துமுறை செய்தால் கைக்கு வந்துவிடும்.

கரையில் ஏறியதும்

நிற்க வேண்டிய இடத்தை வெயில் முடிவு செய்யட்டும். சூரியன் உங்கள் முதுகுப் பக்கம் இருந்தால் பறவையின் நிறம் தெரியும், எதிரே இருந்தால் எல்லாப் பறவையும் கறுப்பு நிழல்தான். கரையில் மெதுவாக ஒரு நடை போய்விட்டு வாருங்கள், காட்சிக் கோபுரத்திலும் ஏறிப் பாருங்கள். ஆனால் இந்த நடை மரம் தேடும் நடையாக இருக்கட்டும். கரைக்குக் கிட்ட இருப்பது, பல அளவுப் பறவைகள் கலந்து உட்கார்ந்திருப்பது, நடுவில் கிளை மறைக்காதது. அப்படி ஒன்று கிடைத்ததும் அதன் எதிரே இருக்கும் பெஞ்சில் உட்கார்ந்துவிடுங்கள்.

முதல் ஐந்து நிமிடம் எல்லாம் ஒரே கும்பலாகத்தான் தெரியும். அந்தக் குழப்பத்தைக் கண்டு எழுந்துவிடாதீர்கள்.

அப்புறம் மரத்துக்கு மாடிகள் இருப்பது தெரிய வரும். பெரிய உடம்புக்காரர்களான நாரைகளும் கூழைக்கடாக்களும் மேல்மாடியில், இறங்கி ஏறச் சிறகை விரிக்க இடம் வேண்டுமே. கொக்குகள், நீர்க்காகங்கள் நடுவிலும் ஓரங்களிலும். இலை அடர்த்திக்குள் தலையை உள்ளிழுத்துக்கொண்டு ஒரு சாம்பல் உருண்டை தூங்கிக்கொண்டிருந்தால் அது வக்கா, இரவுக்கொக்கு. ஒரே மரத்தில் நான்கைந்து வகைப் பறவைகள் சண்டை அதிகமில்லாமல் குடித்தனம் நடத்துகின்றன. வெவ்வேறு இடத்தில் வெவ்வேறு விதமாக இரை தேடுவதால் போட்டி குறைவு. அதைக் கண்டுபிடிக்க அவற்றின் அலகைப் பாருங்கள்.

அலகைப் படியுங்கள்

பெயர் தெரியவில்லை என்று தயங்க வேண்டாம். நிறத்தைக்கூடப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். முதலில் அலகு, அடுத்து கால், அடுத்து அது என்ன செய்கிறது என்பது.

அலகு நடுவில் மூடாமல், பாக்குவெட்டி மாதிரி இடைவெளி விட்டு நின்றால் அது நத்தைகுத்தி நாரை. சேற்றில் நத்தையைத் துழாவி எடுத்து, கூர்மையான நுனியை உள்ளே விட்டுச் சதையை உருவித் தின்னும். இதில் ஒரு வேடிக்கை, குஞ்சுகளுக்கு இந்த இடைவெளி இருக்காது. வளர வளரத்தான் உண்டாகும். கூட்டில் நேரான அலகுடன் ஒன்று எட்டிப் பார்த்தால் அது வேறு பறவை என்று நினைத்துவிடாதீர்கள்.

நீண்ட மஞ்சள் அலகு, நுனியில் லேசாக வளைந்து, மார்பில் கறுப்புப் பட்டையும் வால் பக்கம் ரோஜா நிறமும் இருந்தால் மஞ்சள்மூக்கு நாரை. சங்குவளை நாரை என்றும் சொல்வார்கள். இது கண்ணால் பார்த்து மீன் பிடிப்பதைவிடத் தொட்டுப் பிடிப்பதுதான் அதிகம். அலகைக் கொஞ்சம் திறந்து தண்ணீருக்குள் விட்டபடி நடக்கும், மீன் உரசியதும் பட்டென்று மூடும். கலங்கல் தண்ணீரிலும் பிழைக்கும் வித்தை இது.

கறுத்த மொட்டைத் தலை, அரிவாள் மாதிரி வளைந்த அலகு: வெள்ளை அரிவாள் மூக்கன். சேற்றைக் குத்திக் குத்திப் புழு எடுக்கும். அலகு தட்டையாகக் கரண்டி மாதிரி இருந்தால் கரண்டிவாயன், தண்ணீரை இடவலமாக அலசியபடி நடக்கும். தண்ணீரில் வெறும் கழுத்து மட்டும் பாம்பு நீந்துகிற மாதிரி போனால் அது பாம்புத்தாரா, ஈட்டி போன்ற அலகால் மீனைக் குத்தியே தூக்கும். அதுவும் நீர்க்காகமும் கரையேறியதும் சிறகை விரித்துத் துணி காயவைப்பது போல நிற்கும். இவற்றின் சிறகில் தண்ணீர் ஊறிவிடும். அதனால்தான் சுலபமாக மூழ்க முடிகிறது, அதனால்தான் காயவும் வேண்டியிருக்கிறது.

கூழைக்கடாவைத் தேட வேண்டியதில்லை. சிறகை விரித்தால் இரண்டு மீட்டருக்கு மேல். கீழ் அலகில் தொங்கும் பையைப் பார்த்தாலே தெரிந்துவிடும். அது இரை ஊட்டுவதைப் பார்க்கும் வரை எழுந்து போகாதீர்கள். என் அக்கா மகளுக்கு எட்டு வயதிருக்கும்போது கூட்டிப் போயிருந்தேன். அரை மணி நேரம் அசையாமல் பார்த்துக்கொண்டிருந்தவள் திடீரென்று கையைப் பிடித்து இழுத்தாள்: "சித்தி, அந்தக் குஞ்சு அம்மாவோட வாய்க்குள்ள தலைய விட்டுருச்சு!" முழுங்கிவிடுமோ என்று அவளுக்குப் பயம். குஞ்சு கழுத்து வரை பைக்குள் நுழைத்து, உள்ளிருக்கும் மீனை எடுத்துத் தின்றுவிட்டு, தலையை உதறிக்கொண்டு வெளியே வந்தது. உடனே பக்கத்துக் குஞ்சு உள்ளே நுழைந்தது.

வெயில் ஏறிய பிறகும் உட்கார்ந்திருந்தால் இன்னொன்று பார்க்கலாம். பெரிய நாரை ஒன்று கூட்டின் விளிம்பில் வெயிலுக்கு முதுகு காட்டி, இரண்டு சிறகையும் பாதி விரித்து நிற்கும். என்ன செய்கிறது என்று முதலில் புரியாது. பைனாகுலரில் அதன் கால்களுக்கு இடையே பாருங்கள், அந்த நிழலில் குஞ்சுகள் ஒடுங்கிக் கிடக்கும். நிழல் நகர நகர அதுவும் நகர்ந்து நிற்கும்.

காதையும் திறந்து வையுங்கள். வளர்ந்த நாரைகளுக்குக் குரல் இல்லை என்றே சொல்லலாம், துணைப் பறவை கூட்டுக்கு வந்ததும் அலகைத் தடதடவென்று தட்டித்தான் வரவேற்கும். ஏரி முழுக்கக் கேட்கும் அந்த இரைச்சலில் பெரும்பங்கு பசித்த குஞ்சுகளுடையது.

எங்கிருந்து வருகின்றன

"எல்லாம் வெளிநாட்டுப் பறவை, ஆஸ்திரேலியாவிலிருந்து வருது" என்று கரையில் யாராவது பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொண்டிருப்பார்கள். மரத்தில் கூடு கட்டியிருக்கும் நாரைகள், கூழைக்கடாக்கள், அரிவாள் மூக்கன்கள் எல்லாம் நம் பக்கத்துப் பறவைகள். மழையையும் இரையையும் தேடி நாட்டுக்குள்ளும் அண்டைப் பகுதிகளுக்கும் இடம் மாறுகிறவை. நெடுந்தூரம் வருகிறவை தண்ணீரில் மிதக்கும் வாத்துகள். ஊசிவால் வாத்தும் தட்டைவாயனும் நீலச்சிறகுக் கிளுவையும் மத்திய ஆசியா, சைபீரியா பக்கமிருந்து வந்து குளிர்காலத்தை இங்கே கழித்துவிட்டுத் திரும்புகின்றன. அவை இங்கே கூடு கட்டுவதில்லை. கூடு இருந்தால் நம்ம ஊர்க்காரர் என்று வைத்துக்கொண்டால் பெரும்பாலும் தவறாது.

ஊருக்குள் போகிறோம் என்பதை மறக்காமல்

இந்தப் பறவைகளைக் காத்தது முதலில் அரசாங்கமே கிடையாது, ஊர்க்காரர்கள்தான். பறவை எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் பாய்ந்தால் பயிருக்குத் தனியாக உரம் வேண்டாம் என்று அவர்களுக்குத் தலைமுறை தலைமுறையாகத் தெரியும். வெள்ளைக்காரச் சிப்பாய்கள் வந்து பறவைகளைச் சுட்டபோது செங்கல்பட்டுக் கலெக்டராக இருந்த லயனல் பிளேஸிடம் முறையிட்டு, சுடக் கூடாதென்று எழுத்து வாங்கியிருக்கிறார்கள். அது 1790-களின் இறுதி. 1858-ல் அந்த உரிமையைப் புதுப்பித்துக்கொண்டார்கள். 1936-ல்தான் சரணாலயமாக அறிவிப்பு வந்தது. 2022-ல் உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. தீபாவளிக்கு வெடி வெடிக்காத ஊர் இது. பிள்ளைகளுக்கு மத்தாப்பு ஆசை இல்லாமலா இருக்கும்? அதையும் அடக்கிக்கொண்டு இருக்கிறார்கள்.

அப்படிப்பட்ட இடத்துக்கு வந்து கைதட்டிப் பறவையைக் கிளப்பிப் படம் எடுப்பவர்களைப் பார்த்தால் எனக்கு வயிறு எரியும். பறவை பறந்தால் படம் நன்றாகத்தான் வரும். ஆனால் அது கூட்டை விட்டு எழுந்த அரை நிமிடத்தில் காகம் இறங்கி முட்டையைக் கொத்திவிடும், குஞ்சு வெயிலில் காயும். செல்போனில் பாட்டு, பறவைக் குரலைப் போட்டு அழைப்பது, டிரோன், பிளாஷ், எதுவும் வேண்டாம். மெதுவாகப் பேசுவது போதும், வாய் மூடி இருக்க வேண்டியதில்லை.

சின்னப் பிள்ளைகளோடு போகிறவர்கள் அவர்களுக்கு ஒரு வேலை கொடுங்கள். "இந்தக் கூட்டில் எத்தனை குஞ்சு? எத்தனை தடவை சாப்பாடு வந்தது?" அவ்வளவுதான். எண்ண ஆரம்பித்தால் ஓட மாட்டார்கள்.

நேரம் இருந்தால் கரிக்கிலி

வேடந்தாங்கலிலிருந்து பத்துக் கிலோமீட்டருக்குள் கரிக்கிலி பறவைகள் சரணாலயம். பரப்பில் இதைவிடப் பெரியது, வருகிறவர்கள் குறைவு. திறந்த நீர்ப்பரப்பு அதிகம் என்பதால் வாத்துகள், முக்குளிப்பான், நீலத்தாழைக்கோழி, சேற்றோரம் ஓடும் உள்ளான்கள் பார்க்க நல்ல இடம். வேடந்தாங்கலில் காலையை முடித்துவிட்டு இங்கே வந்து, மறுபடி சாயங்காலம் அங்கே திரும்பினால் நாள் நிறைந்துவிடும்.

பார்த்ததை அன்றன்றே எழுதுங்கள். "வெள்ளை, கொக்கைவிடப் பெரிசு, அலகு கரண்டி" என்று எழுதினாலும் சரி, வீட்டுக்கு வந்து பெயர் கண்டுபிடித்துக்கொள்ளலாம். பழகிய பிறகு, பார்த்த பறவைகளைக் குறித்துவைக்கும் இ-பேர்ட் செயலியில் பதிவிடலாம். 2015-லிருந்து ஒவ்வொரு ஆண்டும் பொங்கல் விடுமுறையில் தமிழ்நாடு முழுக்கப் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு நடக்கிறது. ஒரே இடத்தில் பதினைந்து நிமிடம் நின்று பார்த்த பறவைகளை எண்ணி அனுப்பினால் போதும், உங்கள் வீட்டு மொட்டைமாடியிலிருந்துகூட.

கடைசி அரை மணி நேரம்

சாயங்காலம் ஐந்தரை மணிக்கு மேல் பாதிப் பேர் கிளம்பிவிடுவார்கள். நீங்கள் உங்கள் மரத்துக்கு எதிரே இருக்கும் பெஞ்சுக்கே திரும்பி வாருங்கள். வயலுக்கும் மற்ற ஏரிகளுக்கும் போன பறவைகள் நாலா பக்கமிருந்தும் வரத் தொடங்கும். அரிவாள் மூக்கன்கள் வரிசை கட்டி வரும், நாரைகள் மேலே வட்டமிட்டுக் காலைத் தொங்கவிட்டு இறங்கும், கொக்குகள் கும்பலாகக் கிளையில் வந்து விழும். காலையில் காலியாக இருந்த கிளைகள்கூட வளைந்து நிற்கும். வானத்தைப் பார்க்காமல் உங்கள் மரத்தையே பாருங்கள். எல்லோரும் உள்ளே வந்துகொண்டிருக்கும் அந்த நேரத்தில், பகல் முழுக்க அசையாமல் தூங்கிய அந்தச் சாம்பல் உருண்டை கழுத்தை நீட்டும், சிறகை ஒருமுறை உதறும், "வக்" என்று ஒரே ஒரு குரல் கொடுத்துவிட்டு வெளியே பறந்து போகும். அதன் வேலை நேரம் அப்போதுதான் தொடங்குகிறது.

ஆறு மணிக்குக் காவலர் விசில் அடிப்பார். கிளம்பிவிடுங்கள். ஊர் எல்லை தாண்டும் வரை ஹாரன் வேண்டாம்.